நோவாவின் மனைவிக்கு எந்தப் பெர்மிட்?

மேசையில் மகள் விட்டுப்போன பிரதிக்கட்டு ஒன்று கிடக்கிறது. இங்கே சுவிஸில், லோசான் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். மத்தியகால இங்கிலாந்தில் தெருவிலே ஆடிய வேதாகம நாடகங்களைப் பற்றிய பாடமாம். அதில் ஒரு படம். வெள்ளம் ஏறுகிறது, நோவா கெஞ்சுகிறார், மனைவி மட்டும் பேழைக்கு வெளியே இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.

அடப்பாவி, உன்னைப் போலவே நிற்கிறாள்!

லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை வேலை முடித்து, ரயிலேறி ஒத்திகைக்கு வருவாய். எங்கள் நோவா நாடகத்தைப் பழக்கும் அண்ணாவியார் நான். பெண்வேடம் கட்டி நோவாவின் மனைவியாக நீ. எழுதித் தந்த வசனம் ஒன்றே ஒன்று: “ஆண்டவர் சித்தப்படியே ஆகட்டும்.” மேடையில் நீ சொன்னதோ வேறு.

“ஏறலாம். எனக்கு என்ன பெர்மிட் தருவியள்? தற்காலிகமெண்டா நான் வரமாட்டன்!”

வதிவிட அனுமதிக்கு வருசக்கணக்காய் அலைந்த சனம்; பங்குக் கோயில் மண்டபமே சிரித்தது. திரைக்குப் பின்னால் எனக்கு மண்டை விறைத்தது. அடுத்து நீ என்னவோ மெல்லச் சொன்னாய். கோபத்தில் காதில் விழவில்லை.

“வேதத்தைப் பகிடியாக்கிப் போட்டாய். இனி மேடைப் பக்கம் வராதை,” என்றேன்.

“சிரிச்ச சனம் பிறகு அழுதது, அண்ணை. நீங்கள் காணேல்லையோ?”

அதற்குப் பிறகு நான் உனக்கு முகம் கொடுக்கவில்லை. நீ வருத்தமாய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று கேள்விப்பட்டும், அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று இழுத்து, கடைசியில் உன் செத்தவீட்டுக்குத்தான் வந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் கேட்காத அந்த வசனத்தை அங்கே உன் மனைவிதான் சொன்னா: “அயலட்டையை விட்டிட்டு நாங்கள் மட்டும் ஏறித் தப்பவோ? அவையளையும் கூப்பிடுங்கோ.”

இன்று மகளைக் கேட்டேன், “அந்தக் காலத்து நாடகத்துக்கும் சனம் சிரிச்சதோ?”

“ஓம் அப்பா. ஒரு நாடகத்திலை அந்த மனுசி, சிநேகிதியளை விட்டிட்டு வரமாட்டன் எண்டு நோவாவுக்கு அறையும் குடுக்கிறா.”

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இதையெல்லாம் நீ வாசித்திருக்க வழியே இல்லை. பிறகு எங்கேயடா பிடித்தாய்? சிரித்து வாய் திறந்தால்தான் மற்றது உள்ளே இறங்குமோ? அந்தக் காலத்திலும் என்னைப் போல ஒருவன் ஓரமாய் நின்று பல்லைக் கடித்திருப்பானோ?

இந்த வருசம் நாடகத்தைத் திரும்பப் போடுகிறோம். உன் வேடம் எனக்கு. ஒத்திகையில் பெர்மிட் வசனத்துக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அடுத்த வசனத்தில் நான் நின்றுவிடுகிறேன். ஊரில் சண்டை நெருங்கிய இரவு, பக்கத்து வீட்டாருக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் வள்ளம் ஏறித் தப்பினவன் நான். நீயும் அப்படித்தானே வந்தாய்? எப்படியடா அதைச் சொல்லி முடித்தாய்?