செல்வியின் வலது கண்

செல்வி தாத்தாவுக்கு,

உங்க பேரை எழுதி எனக்குப் பழக்கமில்லை. பேத்தி பேரைச் சொல்லியே கூப்பிடுதேன், கோவிச்சுக்கிடாதீங்க.

செல்விக்கு வலது கண்ணு தெரியுது.

நெசமாத்தான். நல்ல கண்ணுல கருவிழி ஓரத்துலேர்ந்து எள்ளளவு எடுத்து, பொடியா நறுக்கி, சுண்ணாம்பு பட்டு வெந்த கண்ணுல ஒட்டி வளரவிட்டாக. ஸ்டெம் செல்லாம். "நாத்துப் பாவி எடுத்து நடுத மாதிரியா தாயி?"ன்னு டாக்டரம்மாட்ட கேட்டேன். "அதேதான் ஆச்சி, பைய பரவிரும்"னு சிரிச்சா. அஞ்சாப்பு படிச்சவ சரியாக் கேட்டுட்டேன்லா! வீட்டுக்கு வந்து சொல்லத்தான் நீங்க இல்லை.

இன்னும் முழுசாத் தெளியலை. ஆனா நேத்து நல்ல கண்ணைப் பொத்திக்கிட்டு, பஸ்சுல 'முக்கூடல்'னு போட்டிருந்ததை எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டா. வாசிச்ச கையோட கேட்டா: "ஆச்சி, தாத்தா இருந்தப்போ ஏன் என் முகத்தைப் பாக்கவே மாட்டாரு?"



பிள்ளைக்குக் கண்ணு வெந்த அன்னைக்கு நான் மீன் அரிஞ்சுக்கிட்டிருந்தேன். நீங்க வெத்தலைக்குச் சுண்ணாம்பு கேட்டீங்க. எந்திரிக்கச் சோம்பி, "தாத்தாட்ட கொண்டு போய்க் கொடுட்டி"ன்னு அஞ்சு வயசுப் பிள்ளை கையில பாக்கெட்டை நீட்டினது நான். வாய் காஞ்சு அடைச்ச பாக்கெட்டு. பிள்ளை விளையாட்டா அமுக்க, மூஞ்சியிலேயே பீச்சிருச்சு.

"பிள்ளை கையில யாரு கொடுத்தது?"ன்னு மருமகன் குதிச்சாரு. நான் வாயைத் திறக்குமுன்ன, "நான்தான் மாப்ள"ன்னுட்டீங்க. "வெத்தலை இல்லைன்னா செத்தா போயிருவீரு?"ன்னு கேட்டாரே. தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டீங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னேன்.

யாரும் என்னை ஒரு சொல் சொல்லிரக் கூடாதுங்குற வீராப்பு எனக்கு. அதை உங்க தலையில ஏத்திட்டேன்.

அதுக்குப் பெறகு நீங்க வெத்தலையைத் தொடலை. பிள்ளை வந்தா ஆத்துப் பக்கம் எந்திரிச்சுப் போயிருவீங்க. கொடுத்தது நான். நீங்க ஏன் ஒளிஞ்சீங்க? சுண்ணாம்பு கேட்டதே குத்தம்னு நினைச்சீங்களா? மூணு வருசத்துல ஒரு நாளாச்சும் என்னை ஏசியிருக்கலாம்லா?

வியாழக்கிழமை உங்க திவசம். மகளும் மருமகனும் வாராக. இந்தக் கடுதாசியை அதுக்குத்தான் இம்புட்டுப் பெரிய எழுத்தா எழுதியிருக்கேன். உங்க படத்துக்கு வெத்தலை வச்சிட்டு, எல்லார் முன்னாலயும் இதைச் செல்வி கையில கொடுப்பேன். நல்ல கண்ணைப் பொத்திக்கிட்டு, சத்தமா வாசிக்கட்டும்.

நான் கதவுக்குப் பின்னால நிக்க மாட்டேன்.

பாக்கெட்டை நீட்டினவ,
செல்வியோட ஆச்சி