வெள்ளிக்கிழமை விட்ட சிங்கி இறால்

கார்த்திகை, வெள்ளிக்கிழமை

கோலியர்ஸ் வுட் பக்கத்து ஆற்றைத் துப்புரவாக்கும் குழுவில் இன்றும் வலை என் கையில்தான் இருந்தது. என்னளவுக்கு மீன் தெரிந்தவன் லண்டனிலேயே இல்லை. ஆற்றுக்குக் குறுக்கேயுள்ள சிறு அணைக்குக் கீழே, முழங்கை நீளத்தில் சிங்கி இறால் மாதிரி ஒன்று அகப்பட்டது. வெள்ளிக்கிழமையில் உயிர்க்கொலை வேண்டாமென்று, முருகனை நினைத்து ஆற்றிலேயே விட்டேன்.

குழுவை நடத்தும் தர்சினி ஓடிவந்தாள்.

"என்ன அங்கிள் செய்தனீங்கள்? அது அமெரிக்காச் சாதி. இங்கத்தை மீன்ர முட்டையெல்லாம் தின்னும். திருப்பி விடக்கூடாதெண்டு காலமையும் சொன்னனான்."

"அணையைத் தாண்டி மேலை போகாதுதானே, பிள்ளை?"

"மீனுக்குத்தான் தாண்ட ஏலாது, அங்கிள். அது கரையால நடந்து போகும்."

வலையை வாங்கிக்கொண்டு குப்பைப் பையைத் தந்தாள். இனி எனக்குப் பை மட்டும்தானாம். ஆறு தெரியாத ஆட்களுக்கு முன்னால் பிளாஸ்டிக் பொறுக்கினேன்.

"இண்டைக்கு என்ன பிடிச்சனீங்கள்?" என்று மனைவி கேட்டாள். சுறாவளவு மீனொன்றை அணைக்கு மேலே தூக்கிவிட்டதாகவும், எல்லாரும் கைதட்டியதாகவும் சொன்னேன். புட்டைக் குழைத்தபடி, "ஓம், ஓம்" என்றாள்.

அந்த இறால் சனியன் அணைக்குக் கீழேயுள்ள முட்டைகளைத் தின்றுவிட்டு, இந்நேரம் கரையேறி நடந்துகொண்டிருக்கும்.