ரோசாரியோவுக்கு ஒரு சட்டி பீன்ஸ்

ஜெஸ்ரினின் அப்பாவுக்கு,

"பயந்த ஆக்களுக்குப் பசிக்குமோ அம்மா?" என்று ஜெஸ்ரின் ஒருமுறை கேட்டாள். மேல்மாடி ரோசாரியோவின் கணவரை இமிகிரேஷன்காரர் பிடித்துக்கொண்டுபோனதிலிருந்து அவள் கதவே திறக்கவில்லை. அவளுக்காக, அவளுடைய மெக்சிக்கோ முறையில், இரவே ஊறவைத்த பின்டோ பீன்ஸ் சிறுதீயில் அவிகிறது. வெங்காயம், உள்ளிப்பூண்டு, சீரகம் போட்டாயிற்று. நீங்கள் எழும்பியதும் உப்புப் போட்டு, கொஞ்சம் மசித்து, மேலே கொண்டுபோய் வையுங்கள். தயவுசெய்து கறித்தூள் போடாதீர்கள்.

"எங்கட அகதிக் கேஸே தொங்குது, உனக்கேன் இந்த வேலை?" என்று நேற்றுக் கத்தினீர்கள். எனக்குக் கோபமில்லை. இன்று இமிகிரேஷனில் கையெழுத்து வைக்கப் போகிறேன். என்னையும் அங்கேயே பிடித்து வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆண்டவர் எங்களைப் பார்த்துக்கொள்வார். ரோசாரியோவை நாங்கள்தான் பார்க்கவேண்டும். நான் வரப் பிந்தினால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வாருங்கள்.

மெற்றில்டா

பி.கு.: பீன்ஸ் நேரத்தோடு அவிந்துவிட்டது. உங்களுக்கும் பயம்தானே, அதனால் நானே கொண்டுபோய் வைத்துவிட்டேன். உங்கள் பங்கு சட்டியில் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவளும் இப்படித்தான் பேசாமல் எங்கள் வாசலில் சாப்பாடு வைத்துவிட்டுப் போனாள். கதவைத் தட்டினால் இமிகிரேஷன்காரர் என்று நடுங்குவாள், அதனால் தட்டவில்லை. படியிறங்கும்போது அவள் கதவின் தாழ்ப்பாள் மெதுவாக விலகும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.