ஏழாம் எண் நிறுத்தத்தில் நான் காட்டிய வழி

கிஸ்ஸிமி,
அக்டோபர் 19

அன்பு மகள் யாரிக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். தொலைபேசியில் என்றால் நீ ஆசி கேட்பாய், நான் கொடுப்பேன். கடிதத்தில் கேட்க ஆளில்லை என்பதால் நானாகவே கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள். நானும் உன் அம்மாவும் சுகம், என் இடது முழங்காலும் அவளுடைய வாயும் வழக்கம்போல ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஆங்கரேஜில் பனி விழ ஆரம்பித்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள், நீ ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறாய் என்று நினைத்தால் எனக்கு இங்கே வெயிலிலும் குளிர்கிறது. போன சனிக்கிழமை நடந்ததை உன் தம்பி எல்வின் உனக்குச் சொல்லியிருப்பான், என் படத்தையும் அனுப்பியிருப்பான். அவன் சொன்னதில் பாதி மிகைப்படுத்தல். மீதிப் பாதி உண்மைதான், ஆனால் எனக்குச் சாதகமில்லாத உண்மை. தொலைபேசியில் சொன்னால் நீயும் உன் அம்மாவும் சேர்ந்து சிரித்து என்னை முடிக்க விடமாட்டீர்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்வினுக்கு முப்பத்தெட்டு வயதில் ஒரு பெண் சரியென்று சொல்லியிருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். மார்லிஸ் நல்ல பெண், நம் வீட்டுச் சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவள். அவளுடைய பெற்றோர் டுவேனும் ஆர்டிஸும் நெப்ராஸ்காவில் சோளம் விதைக்கிறவர்கள், மகள் இவ்வளவு தூரத்தில் முன்பின் தெரியாத குடும்பத்தில் வாழ்க்கைப்படுவதில் அவள் அப்பாவுக்கு அரை மனதுதான். நம்மைப் பார்த்துவிட்டுத்தான் மீதி அரை மனதைத் தருவார் என்று மார்லிஸ் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். அவர்கள் கேளிக்கைப் பூங்காவுக்குள் உள்ள ஓட்டலில் தங்கியிருந்ததால் அங்கேயே கடைவீதியில் இரவுச் சாப்பாடு என்று எல்வின் இரண்டு மாதத்துக்கு முன்பே மேசை பதிவு செய்துவிட்டான். என்னிடம் வந்து, "அப்பா, ஒரே ஒரு சாயங்காலம். எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க. என் வாழ்க்கைப்பா இது" என்றான். எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி நான் எப்போது பேசினேன், தெரிந்ததைத்தான் பேசுகிறேன் என்று அவனிடம் சொன்னேன்.

அந்தப் பூங்காவில் மறுபடி கால் வைப்பதில்லை என்று நான் சபதம் செய்திருந்ததும் உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் அவர்களுடைய பேருந்தை ஒரு கீறல் விழாமல் ஓட்டினேன், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் பேருந்து அறிவிப்பைக் கேட்டுக் கேட்டே ஆங்கிலம் கற்றேன், கடைசியில் ஒரு சின்னப் பெண் வந்து என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் போதும் தாத்தா என்றாள், ஒரு கேக்கை வெட்டி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கேக்கை நான் தொடவில்லை. எல்வினுக்காகச் சபதத்தை ஒரு நாளைக்கு மட்டும் தளர்த்தினேன். ஆனால் உணவகத்தின் பெயரை அவன் சொன்னபோது காதில் வாங்கவில்லை, சாப்பிட வருவதே பெரிது, பெயர் எதற்கு என்றேன். சம்பந்திகளின் படத்தைக் காட்டினான், நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்று கையை விலக்கினேன். புதுச்சட்டை எடுத்து வைத்தாள் உன் அம்மா. நான் என் பழைய ஓட்டுநர் சீருடையின் நீலச் சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டுக்கொண்டேன், அதைவிட நல்ல சட்டை என்னிடம் கிடையாது. "மனுஷா, வேலைக்கா போற? அதக் கழட்டு" என்றாள். கழற்றவில்லை.

கடைவீதியில் இறங்கியதும் எல்வின், மார்லிஸ், உன் அம்மா மூவரும் உணவகத்தில் பெயர் கொடுக்கப் போனார்கள். பெரிய பலூனுக்குப் பக்கம், பத்து நிமிடத்தில் வந்துவிடுங்கள் என்று எல்வின் சொன்னான். நான் பேருந்து நிறுத்தங்கள் பக்கம் போய் நின்றேன். சும்மா பார்க்கத்தான். இப்போதைய பையன்கள் வண்டியை ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்துகிறார்கள், கைக்குழந்தைக்காரிகள் எப்படித் தாண்டுவார்கள்? அதை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள், அவர் தலையில் விதைக் கம்பெனித் தொப்பி. அந்த அம்மாள், "ஐயா, நீராவிப் படகு உணவகம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். அந்த உணவகம் எனக்குத் தெரியாதா, ஏரிக்கு அக்கரையில் பைன்மர ஓட்டலுக்குள்ளே இருப்பது, பத்து வருடம் அதன் வாசலில் ஆளிறக்கியிருக்கிறேன். அந்தப் பூங்காவில் வேலை பார்த்தவர்கள் யாரும் ஒற்றை விரலால் வழி காட்டமாட்டோம், மரியாதை இல்லை என்று முதல் நாளே பழக்கிவிடுவார்கள். நானும் இரண்டு விரலை நீட்டி ஏழாம் எண் நிறுத்தத்தைக் காட்டினேன். கிளம்பப் போன பேருந்தைக் கையுயர்த்தி நிறுத்தினேன், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள் என்று சொல்லி ஏற்றியும் விட்டேன். பேருந்தைப் பொறுத்தவரை நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, அது நேராகப் பைன்மர ஓட்டலுக்குத்தான் போனது, இதை நீ எல்வினிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர்கள் கையசைத்தார்கள். என் மார்பு விரிந்ததை இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பலூனைத் தேடிப் போனால் அதன் பக்கத்திலேயே இரண்டு கரும்புகைக் குழாய் வைத்து, நீராவிப் படகு என்று ஆளுயர எழுத்தில் எரிகிறது. இங்கேயும் ஒரு கிளை திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன், என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது. வாசல் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வந்தால்தான் மேசை தருவார்களாம், அரை மணி நேரம் தவறினால் அடுத்தவருக்குப் போய்விடுமாம். அப்போது மார்லிஸின் கைப்பேசி அடித்தது. அவள் முகம் மாறியது. "பைன்மர ஓட்டல்லயா? அம்மா, அங்க எதுக்குப் போனீங்க? அது இங்க மாறி ரெண்டு வருஷம் ஆச்சே!" என்றாள். யாரோ நீலச் சட்டைக்காரர் பேருந்தை நிறுத்தி ஏற்றிவிட்டாராம். எல்வின் குதித்தான், "எந்த முட்டாள் அப்படிச் சொன்னான்? தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான?" என்றான். யாரி, உன்னிடம் மறைக்கமாட்டேன், அவனைவிடச் சத்தமாக நானும் திட்டினேன். இப்பல்லாம் கண்டவனையும் வேலைக்கு எடுக்கிறான்கள், என் காலத்தில் இப்படி நடக்குமா என்றேன். மார்லிஸ் எல்லோருக்கும் கேட்கும்படி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள், அவள் அம்மாவின் குரல் வந்தது, "பாவம், மரியாதையான மனுஷன். மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்கன்னுகூடச் சொன்னாரு." உன் அம்மா தலையைத் திருப்பி என் சட்டையைப் பார்த்தாள். காலரிலிருந்து கடைசிப் பொத்தான் வரை பார்த்தாள். மெதுவாக, "மனுஷா, நீயா?" என்றாள். கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அவர்கள் திரும்பி வர இருபத்தைந்து நிமிடம் ஆகும், ஏரியைச் சுற்றிய அந்தப் பாதையின் விளக்கெல்லாம் எனக்கு மனப்பாடம். வந்ததும் என்னை அடையாளம் கண்டுகொள்வார்கள், டுவேனுடைய அரை மனதும் போகும், என் மகன் என் முகத்தில் விழிக்கமாட்டான். இதை யோசித்து நான் செய்த காரியத்தைக் கேள். பக்கத்துக் கடைக்குள் நுழைந்து கையில் முதலில் அகப்பட்ட பச்சைப் பனியனை வாங்கினேன். அதன் நெஞ்சில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கூழைக்கடா, அதன் அலகுக்குள் ஒரு மீன் கையாட்டுகிறது. பூங்காவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கு விலையில் தள்ளுபடி உண்டு, அட்டையைக் காட்டினால் ஆள் தெரிந்துவிடுமே என்று முழுவிலை கொடுத்தேன். அங்கேயே மாற்றிக்கொண்டு, நீலச் சட்டையைப் பைக்குள் திணித்தேன். கல்லாவில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "என்ன விசேஷம் ஐயா?" என்றாள். நான் முழித்த முழியைப் பார்த்து அவளே ஒரு முடிவுக்கு வந்து, முதல் வருகை என்று எழுதிய வட்ட பேட்ஜ் ஒன்றை என் நெஞ்சில் குத்திவிட்டாள். இருபத்திரண்டு வருடம் அங்கே உழைத்தவன் நெஞ்சில் முதல் வருகை. திரும்பி நடக்கிற வழியெல்லாம் ஐஸ்கிரீம் விற்கிறவன், குப்பை அள்ளுகிறவன், பலூன்காரி என்று ஒருவர் பாக்கியில்லாமல், வாங்க வாங்க, முதல் தடவையா என்று கையசைத்து வரவேற்றார்கள்.

என்னைப் பார்த்ததும் எல்வின் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. "அப்பா, எனக்காகவா?" என்றான். அவர்கள் முன்னால் வீறாப்பை விட்டுக் கொஞ்சம் இளகி நிற்கலாம் என்று நான் வேஷம் போட்டதாக நினைத்துவிட்டான். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான், மீசை முளைத்த பிறகு அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. உன் அம்மா என்னைப் பார்க்காமல் கூரையிலிருந்த புகைக்குழாயைப் பார்த்தாள்.

பிறகு அவர்கள் வந்தார்கள். கூடவே நிறுத்தத்து மேற்பார்வையாளர் அம்மாள் ஒருத்தி, கையில் பேசும் கருவியோடு. டுவேன் என் கையைக் குலுக்கினார், பேட்ஜைப் பார்த்து, "உங்களுக்கும் முதல் தடவையா? எங்களுக்கும்தான். ஜாக்கிரதை, இங்க வழி சொல்றவங்கள நம்பாதீங்க" என்றார். தலையாட்டினேன். தப்பித்துவிட்டேன் யாரி, சுத்தமாகத் தப்பித்துவிட்டேன். ஆனால் அந்த அம்மாள் குறிப்பேட்டைப் பிரித்து, அந்த நேரத்தில் நிறுத்தத்தில் வழிகாட்ட நின்றிருந்த வயதான ஆள் வில்னர் ஒருவன்தான், தவறு அவன்மேல் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். ஹைட்டிக்காரன் வில்னரை உனக்கு நினைவிருக்கும், நம் வீட்டுக்குப் பலாப்பழம் கொண்டு வருவானே. நான்தான் அவனுக்கு வண்டி பழக்கினேன். அவன் பேரில் ஏற்கெனவே இரண்டு குற்றப்புள்ளி இருக்கிறது, மூன்றாவது விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் பேனாவைத் திறந்தாள். எல்வினைப் பார்த்தேன், அவன் இன்னும் என் தோளில் கை போட்டிருந்தான்.

"எழுதாதீங்கம்மா, அது நான்தான்" என்றேன்.

அந்த அம்மாள் என் பேட்ஜைப் பார்த்து, "ஐயா, நீங்க வந்ததே இன்னைக்குத்தானே" என்றாள். இருபத்திரண்டு வருடம் இங்கே ஓட்டியவன் என்றேன். அவளும் நம்பவில்லை, சம்பந்திகளும் நம்பவில்லை, கூழைக்கடா போட்டவனை யார் நம்புவார்கள்? பைக்குள்ளிருந்து நீலச் சட்டையை உருவி என் மார்புக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். டுவேன் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். தோளிலிருந்து எல்வினின் கை விலகியது. அவன் வெளியே போய் ஏரிப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆர்டிஸ் கோபமில்லாமல்தான் கேட்டாள், "தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லல?" என்று. எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன் என்று மட்டும் சொன்னேன். அந்த நிமிடத்தில் மேசையும் போய்விட்டது, வேறு குடும்பத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கடைசியில் எல்லோரும் ஏரிக்கரைத் தள்ளுவண்டியில் சுட்ட சோளமும் பன்றிக்கறி ரொட்டியும் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டோம். நான் மற்றவன் நிறுத்திய பேருந்தைப் பார்க்கிற மாதிரி டுவேன் அந்தச் சோளத்தைப் பார்த்தார். பிறகு அவராகவே, "உணவகம் இடதுபக்கம்னு பலகைல போட்டிருக்குன்னு இவ வண்டி ஏறுறப்பவே சொன்னா. சட்டை போட்டவனுக்குத் தெரியாததா பலகைக்குத் தெரியும்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன்" என்றார். "நாப்பத்தி மூணு வருஷமா இதே பாட்டுதான்" என்றாள் ஆர்டிஸ். உன் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் எங்கள் இருவரைப் பற்றிப் பேசிக்கொண்டதை நான் எழுதமாட்டேன். எல்வின் மட்டும் என் பக்கம் திரும்பவேயில்லை.

கிளம்பும்போது எல்லோரும் நிறுத்தத்துக்கு வந்தோம். டுவேன் என்னைப் பார்த்து, வேண்டுமென்றே சத்தமாக, "சரி சம்பந்தி, எங்க ஓட்டலுக்கு எந்த வண்டி?" என்று கேட்டார். எனக்குத் தெரியும் யாரி, பதினொன்றாம் எண். தெரியும் என்றுதான் நாக்கு நுனி வரை வந்தது. "எனக்குத் தெரியாது, வாங்க, கேப்போம்" என்றேன். வில்னரிடம் போய்க் கேட்டோம். நான்காம் எண் என்றான், போன வருடமே மாற்றிவிட்டார்களாம். அப்போதுதான் எல்வின் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான், சம்பந்தி என்று அவர் கூப்பிட்டதைக் கேட்டீர்களா அப்பா என்று காதில் சொன்னான். கல்யாணம் பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை.

இனி உன் விஷயம். ஆறு வருடத்துக்கு முன் நீ அலாஸ்காவுக்குக் கிளம்பியபோது மூன்றே மாதத்தில் அழுதுகொண்டு திரும்பி வருவாய், எனக்குத் தெரியும் என்றேன். அதற்குப் பிறகு இங்கே நீ இரண்டு தடவைதான் வந்திருக்கிறாய். அங்கே உனக்குப் பிடித்திருக்கிறதா, யார் உனக்குத் துணை, உன் வீட்டு ஜன்னலிலிருந்து என்ன தெரியும், இதையெல்லாம் நான் கேட்டதேயில்லை, எனக்குத் தெரியாது. எழுது. கல்யாணத்துக்கு வந்து சேர் என்று வழக்கம்போல இந்தத் தடவை நான் சொல்லப்போவதில்லை. வருவாயா என்று கேட்கிறேன்.

பனி டயர் மாற்றிவிட்டாயா? அதில் மட்டும் நான் சொல்வதைக் கேள், நான்கையும் மாற்று, இரண்டு போதும் என்று எவன் சொன்னாலும் நம்பாதே. கன்னி மரியாள் உன்னை வழியில் காக்கட்டும், உன் கைக்கு வரும் நோயாளிகள் எல்லோரும் பிழைக்கட்டும்.

உன் அப்பா,
ஹெரிபெர்தோ

பின்குறிப்பு: எல்வின் அனுப்பிய படத்தை ஆஸ்பத்திரியில் யாரிடமும் காட்டாதே. காட்டிவிட்டாய் என்றால், அந்தப் பறவை கூழைக்கடா என்றாவது சொல், இங்கே எல்லோரும் வாத்து என்கிறார்கள்.