ஏழாவது சதுரம்

என் கோபக்காரிக்கு,

நீ கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன பிறகு, கடற்பாறையில் நாம் சிப்பி எண்ணும் இந்த மாதக் கணக்கை நேற்றுத் தனியாகத்தான் எடுத்தேன். சதுரச் சட்டத்தைப் பாறையில் வைத்து, "ஒட்டுச்சிப்பி பதினாலு" என்று கத்திவிட்டு, "பதினாலு, எழுதியாச்சு" என்ற உன் குரலுக்காகக் காத்திருந்தேன். அலைதான் வந்து காலை நனைத்தது.

நாம் ஆணி அடித்துக் குறித்த இடங்களில் ஏழாவதில் ஒன்றுகூட இல்லை. பதினெட்டு வருடத்தில் முதல் பூஜ்யம். மனசு கேட்கவில்லை. சட்டத்தை ஒரு சாண் நகர்த்தி வைத்து, ஒன்பது என்று எழுதிவிட்டேன்.

"ஆணி அடிச்ச இடத்தை விட்டு நகர்த்தினா அது கணக்கா?" என்று நீ கத்துவது இங்கேயே கேட்கிறது. நேற்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. நோட்டைத் திறக்கிறேன், மூடுகிறேன். அந்த ஒன்பதை அடிக்கக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடல் மறுபடி வற்றும். வந்து சரியாக எண்ணி, என்னைத் திட்டிவிட்டுப் போ. போகாவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
பொய்க்கணக்கு எழுதியவன்