உன் ஆமென் வரும்வரை

இன்று காலை தைலக் குப்பியைத் திறந்தேன். அதன் கழுத்தில் நீ சுற்றிய பழைய துணி எண்ணெய் குடித்து அப்படியே இருக்கிறது. வாசனை வந்ததுமே, "கவுந்து படு ஏட்டி" என்று பக்கத்தில் நின்று நீ சொல்வது போல இருந்தது.

பூதப்பாண்டியில் அடுத்தடுத்த வீடு நமக்கு. விடிந்ததும் கால்வாய் ஓரமாகச் சானல்கரையில் ஓடுவோம். எனக்கு இடுப்பு வலிக்கும், வந்ததும் நீ தைலம் தடவிவிடுவாய், மறுநாளும் ஓடுவேன். தடவினால் போதும் என்று நம்பியது என் மடத்தனம். ஒருநாள் மதகுப் பக்கம் நிமிர முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். இனி ஓடவே முடியாதோ என்று அழுதேன். நீதான் ஸ்கூட்டரில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனாய். தடவினால் இறுக்கம் தளரும், வலு வராது, வயிற்றையும் இடுப்பையும் சுற்றியுள்ள தசைகளுக்கு வேலை கொடுங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட்.

அன்றிலிருந்து நீ பொல்லாதவளாகிவிட்டாய். "முதல்ல பிளாங்க், பெறவுதான் தடவல், கேட்டியா?" முழங்கைகளை ஊன்றி உடம்பை நேராக நீட்டி நான் கிடக்க, கடிகாரம் பார்க்காமல் உங்கள் சபையில் சொல்லும் பரமண்டல ஜெபத்தைச் சொல்வாய். உன் ஆமென் வரும்வரை நான் இறங்கக் கூடாது. நான் நடுங்க நடுங்க உன் வேகம் குறையும்.

"சீக்கிரம் சொல்லித் தொலை ஏட்டி."

"ஜெபத்துல அவசரப்படக்கூடாது மக்கா."

அம்மன் கோயிலைத் தவிர வேறு வாசல் மிதிக்காத எனக்கு அந்த ஜெபம் முழுதும் அப்படித்தான் மனப்பாடமானது. மூன்று மாதத்தில் மறுபடி உன்னோடு ஓடினேன்.

பிறகு நோய் உன்னைப் படுக்கவைத்தது. உன் முதுகை நான் தடவினேன். எலும்பு கையில் தட்டுப்பட்டது. "பிளாங்க் போடாமலே தடவுதியே" என்று கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்மேல் எவ்வளவு பிரியம் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் அந்த ஜெபத்தைத் தொடங்கியபோது என் வயிறு தானாக இறுகியது. அவர்கள் முடித்துவிட்டார்கள். உன் வேகத்தில் நான் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

ஓடப் போகுமுன் இன்றும் பாய் விரித்து முழங்கைகளை ஊன்றினேன். கைக்கு எட்டுகிற இடத்தில் தைலத்தை நானே பூசிக்கொள்ள வேண்டியதுதான். ஜெபத்தையும் நானே சொன்னேன். வேகமாகச் சொன்னால் கேட்க ஆளில்லை. ஆனாலும் உன் வேகத்தில்தான் வருகிறது. ஆமென்னும் நானே சொன்னேன். இறங்க மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.