கை வீசாமல் நடந்த அப்பா

என் குட்டிமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அப்பா பாதியில் பிடுங்கிக் கதையை மாற்றிவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி!

போன மாதம் நுரையீரல் டாக்டர் ஒரு சின்னக் கருவி கொடுத்தார், அப்பா ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறார் என்று அது எண்ணும். மூச்சுப் பரிசோதனையெல்லாம் முடிந்துவிட்டது, ஏழு நாள் இதைப் போட்டுக்கொண்டால் அதைப் பார்த்து அவர் விமானம் ஏறி உன்னிடம் வரலாமா என்று சொல்வதாக இருந்தது. எப்படி மாட்டுவது என்று நர்ஸ் சொல்ல வந்தாள், நான்தான் முப்பது வீடியோ பார்த்தவளாச்சே, எனக்குத் தெரியும்மா என்று வாங்கி வந்து அப்பா மணிக்கட்டில் கட்டிவிட்டேன். கடைசியில் பார்த்தால் ஒரு நாளைக்கு வெறும் அறுநூறு அடி! டாக்டர் உதட்டைப் பிதுக்கி, இப்படி உட்கார்ந்தே இருக்கிறவருக்குப் பயணம் வேண்டாம் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "வெல்டிங் பட்டறைல முப்பது வருஷம் நின்னவன்டி நான், இப்ப நடக்கவே மறந்துட்டேன் போல" என்று சொல்லிப் படுத்தவர்தான், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

எனக்கு மனசே ஆறவில்லை, ஏனென்றால் மனுஷன் நடக்கிறாரே! காலையும் மாலையும் சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வராந்தா முழுக்க நடக்கிறார். மறுநாள் பின்னாலேயே போனேன், "என்ன, போலீஸ்ல சேந்துட்டியா?" என்று முறைத்தார். அப்போதுதான் பார்த்தேன், இரண்டு கையும் வண்டிப் பிடியிலேயே ஒட்டியிருக்கிறது, கை ஆடினால்தானே மணிக்கட்டில் இருப்பது எண்ணும்! உடனே நான் அடி எண்ண வைத்திருக்கும் என் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு நானே வண்டியைத் தள்ளி, லிஃப்ட் வரை போய்வந்தேன். வாய்விட்டு எண்ணினேன், நூற்றுப் பதினெட்டு. பட்டை காட்டியது நாலு! அதையே காலுறைக்குள் செருகிக்கொண்டு போனால் நூற்றுப் பதினைந்து! நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடிவந்தார்.

நர்ஸுக்குப் போன் போட்டு என் மேதாவித்தனத்தை ஒப்புக்கொண்டேன். "இடுப்புல மாட்டணும்னு சொல்லத்தாம்மா அன்னிக்கு வந்தேன்" என்று சிரித்தாள். மறுபடி ஏழு நாள், இந்தத் தடவை இடுப்பில். நேற்று டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார், ஒரு நாளைக்கு மூவாயிரத்து நூறு அடி! எட்டு வாரம் உடற்பயிற்சி வகுப்புக்கு வரட்டும், அப்புறம் தாராளமாகப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பா அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

நீ நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் கண்ணு, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று மறக்காதே, உன் வீட்டுக்கு எத்தனை படி என்று எண்ணி உடனே எழுது, அத்தனையையும் அப்பா இங்கேயே ஏறிப் பழக வேண்டுமாம். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு நாற்காலியும் போட்டு வை. அவர் வீம்புக்கு உட்கார மாட்டார், நான் உட்காருவேன்.

உன்னைப் பார்க்கத் துடிக்கும்,
அம்மா